செல்லமுத்து கேட்ட இங்கிலீஷ் வார்த்தை

இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். ஆண்டவர் அதை அளந்து போட்டபோது எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்திருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகிக் கொல்லிமலைக்கு வந்த முதல் மாதத்திலேயே பிள்ளைகள் எனக்கு 'மிளகு டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மிளகு விளைகிற ஊரில் அது மரியாதையா வசவா என்று நான் விசாரிக்கவில்லை. ஸ்டெல்லா என்ற என் சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இப்போது பார்க்க முடிகிறது.

சுமித்ரா என் வகுப்பில் படித்தவள் இல்லை. நான் இந்த மலைக்கு வருவதற்கு முன்பே சேலத்தில் நர்சிங் முடித்து, நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கு முதலில் இங்கிலீஷ் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும் என்று தெரிந்ததும், லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊர்ப்பகுதியிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். நான் சர்ச்சில் பூசை முடிந்து திரும்புவதற்குள் வாசற்படியில் உட்கார்ந்து வாய்க்குள் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு படிப்பு வெறி என் பத்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு இருந்தால் நான் மிளகு டீச்சர் ஆகியிருக்க மாட்டேன்.

அந்தப் பரீட்சையில் பேச்சுக்கென்று ஒரு பகுதி உண்டு. எதையாவது கொடுத்து, அதைப் பற்றி நிறுத்தாமல் பேசு என்பார்கள். ஒரு ஞாயிறு நான் எடுத்துக்கொண்டது, ஒருவர் இன்னொருவருக்கு அனுமதி கொடுப்பது. லெட், அலோ, பெர்மிட் என்று மூன்று வார்த்தைகள் அதற்கு வந்து நிற்கும். என்னிடமுள்ள அகராதி மூன்றுக்கும் 'அனுமதி' என்றே அர்த்தம் போட்டிருக்கிறது. அதை எழுதியவர் வாழ்நாளில் யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டிராத புண்ணியவானாக இருந்திருப்பார்.

"பெர்மிட்டுன்னா சட்டம் பேசுதுன்னு வச்சுக்கோ," என்றேன். "ரூல்ஸு, ஆபீஸு, மேல உக்காந்திருக்கிறவங்க, இவங்களோட வார்த்தை அது. அலோன்னா, தடுக்கிற அதிகாரம் இருக்கிறவங்க சரின்னு விடறது. லெட் வீட்டு வார்த்தை. அதுல அதிகாரம் ரொம்பக் கிடையாது. பிடிச்சிருந்த கையை எடுத்துக்கிறது, அவ்வளவுதான்."

சுமித்ராவுக்குக் கற்பூர புத்தி. டக்கென்று பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி விதிகள் ராத்திரியில் பார்வையாளர்களைப் பெர்மிட் செய்வதில்லை. டாக்டர் நோயாளியைக் கஞ்சி குடிக்க அலோ செய்தார். நர்ஸ் பெரியவரை இன்னும் கொஞ்ச நேரம் தூங்க லெட் செய்தாள். மூன்று வாக்கியமும் இங்கிலீஷில் சுத்தமாக வந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லாததால் எனக்கே லேசாக எரிச்சலாக இருந்தது.

"சரி, உன் வீட்டு விஷயமா ஒண்ணு சொல்லு. மை ஃபாதர்னு ஆரம்பி."

"மை ஃபாதர்," என்றாள். அதோடு நின்றுவிட்டாள்.

"ம்?"

"மை ஃபாதர்..." மறுபடியும் நின்றாள்.

"மூணுல ஏதாவது ஒண்ணைப் போடு. அயர்லாந்து போறதுக்கு எங்க அப்பா என்னை விட்டார்னு சொல்லு. இதுக்கென்ன யோசனை?"

"எதைப் போட்டாலும் பொய்யாப் போயிருமுங்க டீச்சர்," என்றாள். "அப்பா இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க."

அவள் அப்பா செல்லமுத்துவை எனக்குத் தெரியும். மிளகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் கொஞ்சம் சாமையும் போடுகிற விவசாயி. ஊரில் யாரோடும் சண்டை கிடையாது. அதற்குக் காரணம், யார் எதைக் கேட்டாலும் அவர் 'பாக்கலாம்' என்று சொல்லிவிடுவதுதான். அந்த மனுஷருக்குப் 'பாக்கலாம்' என்பது ஊறுகாய் மாதிரி. எதற்கும் தொட்டுக்கொள்வார். மகள் அயர்லாந்து பேச்சை எடுத்த நாளிலிருந்து அவளுக்கும் அதையேதான் பரிமாறிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. "சுமித்ரா, உனக்கு இருபத்தஞ்சு வயசு. பாஸ்போர்ட் உன் கையில இருக்கு. உங்க அம்மா சரின்னுட்டாங்க. அப்புறம் என்ன, கிளம்பிப் போக வேண்டியதுதானே?"

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க பெரியப்பா மக பெருமாயி அக்கா இருக்குதுங்களே, அது ஊட்டுல கேக்காம போயிக் கல்யாணம் பண்ணிக்கிச்சு. இப்பப் பேச்சுவார்த்தை எல்லாம் ஆயிருச்சுங்க. பொங்கலுக்கு வரும். வந்து வாசல்லயே நிக்கும். யாராச்சும் உள்ள வான்னு கூப்புடற வரைக்கும் நிக்கும். நான் நாமக்கல்லுல இருந்து வந்தா நேரா அடுப்படிக்குப் போயிச் சட்டியத் தொறந்து பாப்பேன். சொல்லிட்டுப் போனவங்களுக்கும் கேக்காம போனவங்களுக்கும் எங்கூர்ல அதுதானுங்க வித்தியாசம். எனக்கு வாசல்ல நிக்க முடியாதுங்க டீச்சர்."

மாணவி மடக்கிவிட்டால் டீச்சர்கள் செய்வதைச் செய்தேன். அடுத்த பாடத்தைத் திறந்தேன்.

பரீட்சை வந்தது. நல்ல வேளையாக அனுமதியைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஏதோ சந்தைக்குப் போன அனுபவத்தைக் கேட்டார்கள், பிளந்து கட்டிவிட்டாள். நல்ல மதிப்பெண்ணில் தேறி, வேலை உறுதியாகி, விசாவும் வந்து, மாசிக் கடைசியில் விமானம் என்று முடிவானது. அவள் அம்மா பொன்னாயி மகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாள். செல்லமுத்து மட்டும் பாக்கலாம் என்பதிலிருந்து ஓர் அடி நகர்ந்து, "கருப்பனார்கிட்டப் பூக் கேட்டுட்டுச் சொல்றேன் கண்ணு" என்றார்.

பூக் கேட்கிற அன்று என்னையும் வரச் சொன்னாள் சுமித்ரா. ஆண்டவர் தப்பாக நினைக்க மாட்டார் என்று நானும் போனேன். கோயில் என்றால் பெரிய கட்டடம் இல்லை. பலா மரத்தடியில் ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஆளுயரத்துக்குக் குறைவாக ஒரு கல். கல்லின் வலது தோளில் ஒரு வெள்ளை அரளி, இடது தோளில் ஒரு சிவப்பு அரளி, தண்ணீர் தொட்டு ஒட்டுவார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெள்ளை முதலில் விழுந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

பூசாரி பூபதிக்கு மிளகு வியாபாரமும் உண்டு. மிளகு பறிப்பு நேரம் ஆனதால் மனுஷர் தரையில் கால் பாவாமல் அலைந்துகொண்டிருந்தார். பிக்கப் வண்டியின் இஞ்சினை அணைக்காமலே கோயிலுக்குள் வந்த பூசாரியை அன்றுதான் பார்த்தேன்.

"சீக்கிரம் கேளுங்க மாமா. பெரக்கரை நாட்டுல லோடு ஏத்த ஆளுங்க காத்துக்கிட்டு இருக்கறாங்க," என்றார் செல்லமுத்துவிடம்.

செல்லமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையைக் கூப்பினார். "கருப்பா, எம்புள்ள சுமித்ரா கடல் தாண்டி வேலைக்குப் போலாமான்னு கேக்குது. உன் உத்தரவு என்ன?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வெள்ளைப் பூ விழுந்துவிட்டது. பொன்னாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுமித்ராவின் முகம் மலர்ந்தது. பூபதி விபூதித் தட்டை எடுக்கக் குனிந்தார்.

"மாப்ள, இப்பக் காத்து அடிச்சுதுல்ல?" என்றார் செல்லமுத்து.

"காத்தா?"

"லேசா அடிச்சுது. இன்னொருக்கா வச்சுப் பாரு."

பூபதி புதுப் பூக்களை எடுத்து ஒட்டினார். காற்று வருகிற பக்கம் தன் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்லமுத்து மறுபடியும் கேட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பூவும் அசையவில்லை. வெளியே வண்டி இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு வெள்ளைதான் விழுந்தது.

"வெள்ளைப் பூவுக்குக் காம்பு பெருசு," என்றார் செல்லமுத்து. "எடைக்கு விழுந்துருச்சு."

மூன்றாம் தடவை அவரே செடியடிக்குப் போய், ஒரே அளவில் இரண்டு பூவாகத் தேடி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துக் கொண்டுவந்தார். மூன்றாம் தடவையும் வெள்ளையே விழுந்தது. அவர் வாயைத் திறக்கிறார் என்று தெரிந்ததும் பூபதி முந்திக்கொண்டார்.

"இந்தாங்க மாமா. சாமி மூணு வாட்டி பெர்மிட் போட்டுக் குடுத்தாச்சு. செக்போஸ்டுல வண்டிய மறிச்சுக்கிட்டு நிக்கறது நீங்கதான். என் கை மேல நம்பிக்கை இல்லீன்னா நீங்களே ஒட்டிக்குங்க. எனக்கு லோடு கெடக்குது."

செல்லமுத்து நிஜமாகவே போய் ஒட்டினார். சிவப்புப் பூவைத் தண்ணீரில் தொட்டும் தொடாமலும் வைத்தார். வெள்ளைப் பூவைக் கல்லோடு சேர்த்துக் கட்டை விரலால் அழுத்தினார். விழக் கூடாது என்று அழுத்துவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. விரலை எடுத்தபோது பூ நசுங்கிப்போயிருந்தது. அவர் தன் விரலைப் பார்த்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முதலில் சிரிப்பும் பிறகு கோபமும் வந்தன, கடைசியில் பாவமாகத்தான் இருந்தது.

"மிளகு காயப் போட்டது அப்படியே கெடக்குது," என்று சொல்லிவிட்டு அவர் மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

பூபதி விபூதித் தட்டைச் சுமித்ராவின் கையிலேயே கொடுத்துவிட்டு வண்டிக்கு ஓடினார். அவள் எனக்கு நீட்டலாமா கூடாதா என்று தயங்கி, தானே கொஞ்சம் பூசிக்கொண்டாள்.

"சாமியே சொல்லிருச்சே, போதாதா?" என்று கேட்டேன்.

"சாமி பெர்மிட் பண்ணிருச்சுங்க டீச்சர். அப்பா இன்னும் லெட் பண்ணலைங்க," என்றாள். எந்த வார்த்தை எங்கே வரும் என்பதில் அவளுக்கு இனி நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அதைச் சொன்ன குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

திரும்பி நடக்கையில் பொன்னாயி என் பக்கத்தில் வந்தாள். "அந்த மனுசனைத் தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா. அவுங்க தம்பி காளியண்ணன்னு ஒருத்தரு. போர் போடற ரிக் வண்டியில வேலைன்னு வடக்க கெளம்புனாரு. வெள்ளாமைக்கு ஆள் இல்லாத நேரம். இவருக்குக் கோவம். போறேன்னு வந்து நின்னவரைப் பாத்து, போடா, போன்னுட்டாரு. போனவருதான். அங்கயே குடும்பம் ஆயிப்போச்சு. போன்ல நல்லாப் பேசறாரு, மலைக்கு மட்டும் வாரதில்லீங்க. அன்னைக்குச் சொன்ன வார்த்தை இவரு தொண்டையில இன்னும் நிக்குது."

"அதைச் சுமித்ராகிட்ட சொல்லலாமில்ல?"

"அவரு சொன்னாத்தானுங்களே," என்றாள் பொன்னாயி.

கிளம்புகிற நாளுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாயங்காலம் நான் விடைத்தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி, செல்லமுத்து ஒரு பை குச்சிக்கிழங்கை உள்ளே வைத்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நுனியில் உட்கார்ந்தார். கிழங்கு எந்தக் காட்டில் பிடுங்கியது, எப்படி வேகவைத்தால் மாவாக இருக்கும் என்பதெல்லாம் சொன்னார். கிழங்குக்காக அவர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இப்படியே இருவரும் கொஞ்ச நேரம் கிழங்கைச் சுற்றி வந்தோம்.

"ஏனுங்க டீச்சர்," என்றார் கடைசியில். "புள்ளைகிட்டச் சரின்னு சொல்றதுக்கு இங்கிலீசுல என்னங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "அவ இங்கிலீஷ் படிச்சது அயர்லாந்துக்காரங்ககிட்டப் பேசறதுக்குங்க. உங்ககிட்டப் பேசறதுக்கு இல்ல. தமிழ்லயே சொல்லுங்களேன்."

"சொல்லலாம்னுதான் பாக்கறேன். வாயத் தொறந்தாத் தொண்டை அடைச்சுக்குது. தமிழ்ல ஒரு வார்த்தை சொன்னா முழுசா உள்ள எறங்குதுங்க. இங்கிலீசுன்னா எனக்குப் பாதிதான் புரியும். பாதின்னாச் சொல்லிப்புடுவேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளிடம் இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டால் வேலைக்கு, வெளிநாட்டுக்கு என்றுதான் சொல்வார்கள். தாங்க முடியாததைப் பாதி பாரத்தில் தூக்குவதற்கும் அது உதவும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"மூணு வார்த்தை இருக்குங்க," என்றேன். "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை எடுத்துக்குங்க. முதல்ல பெர்மிட்."

"அது எனக்கே தெரியுமுங்க. சில்வர் ஓக் மரம் வெட்டி லாரியில ஏத்துனா பெர்மிட் கேப்பாங்க. ஆபீசுக்கு நடக்கோணும், கையெழுத்து வாங்கோணும். எம்புள்ள என்ன மரமுங்களா? அது வேண்டாம்."

"அலோ."

"அதுவும் கேள்விப்பட்டதுதான். பொன்னாயிக்கு ஆபரேசன் ஆனப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தரு நின்னுக்கிட்டு, இப்ப அலோ இல்ல, இப்ப அலோ இல்லன்னே தொரத்துனாரு. நான் அவரு மாதிரி வாசல்ல நிக்கறதுதான் இப்பப் பிரச்சினையே." சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்துக்கொண்டார். "மூணாவது?"

"லெட். இது வீட்டு வார்த்தை. பிடிச்சிருந்ததை விடறது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பால் கறக்க வாரப்பக் கன்னுக்குட்டியக் கயித்துல இருந்து அவுத்து மாட்டுகிட்டப் பால் குடிக்க விடறோமே, அந்த மாதிரிங்களா? நாம புடிச்சு இழுத்தாலும் அது அங்கதான் ஓடும். கயித்தை மட்டும் விட்டாப் போதும்."

"அதேதாங்க."

"அப்ப அதைக் குடுங்க," என்றார், கடையில் மிட்டாய் கேட்கிற மாதிரி.

ஐ லெட் யூ கோ. நாலே வார்த்தை. சொல்லிக்கொடுத்தேன். "ஐ லெட் யூ" என்பது முதல் தடவையே கணீரென்று வந்தது. கடைசி வார்த்தைதான் வாய்க்குள்ளேயே கரைந்துபோனது. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் மூன்று வார்த்தை கணீர், நான்காவது காணோம்.

"கோ. சத்தமாச் சொல்லுங்க. அதுதான் முக்கியம்."

"கோன்னா?"

"போறது. போ."

"ஓ," என்றார். அதற்குப் பிறகு அந்த வார்த்தை இன்னும் மெலிந்தது. எனக்குள் இருந்த மிளகு டீச்சர் விழித்துக்கொண்டாள். வாயைத் திறந்து சொல்லுங்க, உதட்டைக் குவிங்க என்று பத்தாம் வகுப்புப் பையனை விரட்டுவது போல அவரை விரட்டினேன். கூச்சப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். பொன்னாயி அவ்வளவு விவரமாகச் சொல்லியும் என் மண்டைக்கு ஏறவில்லை. எனக்கு அப்போது உச்சரிப்புதான் கண்ணில் நின்றது.

அடுத்த சில நாளும் பொன்னாயி தகவல் கொண்டுவந்தாள். "மனுசன் மாட்டுகிட்ட எல்லாம் இங்கிலீசு பேசிக்கிட்டுத் திரியறாருங்க. மிளகு காயப் போடறப்பப் பேச்சு, குளிக்கறப்பப் பேச்சு. நான் பக்கத்துல போனா நிறுத்திக்கறாரு." சுமித்ராவிடம் அவர் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் பெட்டியை அடுக்கினாள், எடுத்தாள், மறுபடி அடுக்கினாள். ஒரு தடவை என்னிடம், "டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்குதுங்க டீச்சர்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செல்லமுத்து சொல்லித் தொலைக்காவிட்டால் அந்தப் பெண் உண்மையாகவே நின்றுவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்தது.

கிளம்புகிற நாள் முதல் பஸ்ஸுக்கு நானும் ஸ்டாப்புக்குப் போனேன். காரவள்ளி வழியாக இறங்கி நாமக்கல் போகிற பஸ். அங்கிருந்து சுமித்ராவும், அவளைப் போலவே அயர்லாந்து வேலைக்குப் போகிற இன்னொரு பெண்ணும் சென்னைக்குச் சேர்ந்து போவதாக ஏற்பாடு. செல்லமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். பெட்டியை அவர்தான் தூக்கி வந்தாராம். வைத்த இடத்தில் அதன் கைப்பிடியை மட்டும் விடாமல் நின்றார். பொன்னாயி, சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, ஸ்வெட்டர் போடு என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சுமித்ரா அம்மாவுக்கு ம் கொட்டினாள். அவள் பார்வை அப்பாவிடம் இருந்தது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கிப் பெட்டிக்குக் கை நீட்டினார். செல்லமுத்து கொடுக்கவில்லை.

சுமித்ரா அவர் முன்னால் வந்தாள். "அப்பா," என்றாள். "போயிட்டு வாரேம்பா."

அவர் பெட்டியின் கைப்பிடியை விட்டார். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, பள்ளிப் பிரார்த்தனையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஐ," என்றார். "லெட் யூ."

பொன்னாயி வாயைப் பொத்திக்கொண்டாள். சுமித்ரா திரும்பி ஒரு கணம் என்னைப் பார்த்தாள், யார் வேலை இது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. செல்லமுத்துவோ அந்த மூன்று வார்த்தையோடு நின்றுகொண்டிருந்தார். "ஏறுங்க, நேரமாச்சு," என்றார் கண்டக்டர். ஆண்டு விழா நாடகத்தில் வசனம் மறந்த பையனுக்கு எடுத்துக் கொடுப்பது போல நான் உதட்டைக் குவித்துச் சத்தமில்லாமல் 'கோ' என்று காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். மறக்கவில்லை அவர். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்.

"கம். ஐ லெட் யூ கம்."

இந்தப் பிழைக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு ஓரத்தில் கோபமாக ஒரு கேள்விக்குறியும் போடுகிறவள் நான். கை தன்னால் பேனாவைத் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. கிளம்புகிற ஆளைப் பார்த்துப் போ என்று இந்த மலையில் யாரும் சொல்வதில்லை. எங்கள் திண்டுக்கல்லில் மட்டும் சொல்கிறோமா என்ன? வா என்றுதான் சொல்கிறோம். அந்த மனுஷர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அதை மாற்றிச் சொல்லித் தம்பியைத் தொலைத்திருக்கிறார். இன்னொரு தடவை எந்தப் பாஷையிலும் சொல்ல மாட்டார். அவர் நாக்கு அந்த வார்த்தையை அத்தனை நாளும் ஏன் விழுங்கியது என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

சுமித்ரா அப்பாவின் கையை எடுத்து, பூவை நசுக்கிய அந்தக் கட்டை விரலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐ வில் கம், அப்பா," என்றாள். "நேரா அடுப்படிக்கு வந்துருவேன்."

"வா சாமி," என்றார் செல்லமுத்து. தமிழ் அதுவாகவே வந்துவிட்டது. உடனே என் பக்கம் திரும்பி, "கரெக்டுங்களா டீச்சர்? நான் சொன்னது?" என்று கேட்டார்.

"கரெக்டுங்க," என்றேன்.

பெட்டியை அவரே பஸ்ஸுக்குள் ஏற்றி வைத்துவிட்டு இறங்கினார். பஸ் கிளம்பி முதல் வளைவில் திரும்பி மறைந்தது. மலை இறங்கிக் காரவள்ளி சேர்வதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அத்தனையிலும் அந்தப் பெண் அழுதுகொண்டே போயிருப்பாள் என்று நினைக்கிறேன். பொன்னாயி இங்கே தொடங்கியிருந்தாள். செல்லமுத்து அவளை அழ விட்டுவிட்டுச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டார்.

"வெயில் ஏறுது. மிளகு காயப் போடோணும்," என்றார் என்னிடம். "வாரேனுங்க டீச்சர்."

"வாங்க," என்றேன்.